காய்ச்சல்

இருபது வருடங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை. மந்தைவெளியில் என் வாடகை அறை. கறுப்புக் கோட்டை மடியில் போட்டுக்கொண்டு கட்டில் விளிம்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், எழுந்திருக்க முடியவில்லை. சீனியருக்குப் போன் செய்து, "காய்ச்சல் சார்" என்றேன். வேறென்ன சொல்ல? வக்கீலுக்குக் காய்ச்சல் என்றால் நீதிபதியே வாய்தா கொடுப்பார். மூன்று வாரமாகத் தூக்கமில்லை, கேஸ் கட்டைப் பிரித்தாலே கை நடுங்குகிறது என்று எந்த நீதிமன்றத்தில் போய்ச் சொல்வது?

கோர்ட் மாலை 4.45க்குக் கலையும். மயிலாப்பூரில் எங்கள் வேலை அதற்குப் பிறகுதான் சூடுபிடிக்கும். ஆறரை மணிக்கு வீட்டின் முன்னறை சேம்பர் ஆகிவிடும். லஸ் சர்ச் ரோட்டில் பெரிய வக்கீல் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் குடியிருந்த காலத்துப் பெருமையை இன்னும் சொல்லிச் சொல்லியே ஜூனியர்களை உட்கார வைப்பார்கள். கட்சிக்காரர்கள், குமாஸ்தா, மறுநாளைய காஸ் லிஸ்ட். அதில் 63ஆவதாகக் கிடக்கும் கேஸ் ஒருவேளை வந்துவிட்டால்? அந்த 'ஒருவேளை'க்காக இரவு பதினொன்றுவரை படிப்போம். கேஸ் வராது. அடுத்த வாரம் மறுபடி முதலிலிருந்து படிப்போம். "நானும் இப்படித்தாம்ப்பா கத்துக்கிட்டேன்" என்பார் சீனியர். உண்மைதான். அவருடைய ரத்தக்கொதிப்பு மாத்திரையும் அதே மேஜையில்தான் இருக்கும்.

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களின் மாத உதவித்தொகை பற்றி உத்தரவிட்டது: சென்னை, மதுரை, கோவையில் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000. படித்தபோது சந்தோஷமாக இருந்தது. (முதல் வருடம் எனக்குக் கிடைத்தது பஸ் காசும் தீபாவளி வேட்டியும்.) ஆனால் ஜூனியரை ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக்கு அனுப்புவது என்பது இன்றும் சீனியரின் மனசைப் பொறுத்ததுதான்.

இப்போது அடையாறில் எனக்கும் ஒரு முன்னறை இருக்கிறது. போன மாதம் ஒருநாள் காலை ஏழு மணிக்கு ஜூனியரிடமிருந்து செய்தி: "காய்ச்சல் சார். இன்னைக்கு வர முடியல." முந்தின இரவு பத்தே முக்காலுக்குத்தான் அந்தப் பெண் என் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். "நிஜமாவே காய்ச்சலாம்மா?" என்று தட்டச்சு செய்தேன். அவள் இல்லை என்றால் அடுத்த கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். அழித்துவிட்டு, "ரெஸ்ட் எடும்மா" என்று அனுப்பினேன்.

10.30க்கு கோர்ட்டில், கட்டைத் தயார் செய்த ஜூனியருக்குக் காய்ச்சல் என்று சொல்லி இரண்டு வாரம் வாய்தா வாங்கினேன்.