அபயதானமும் குழந்தைகளின் விளையாட்டு விழாவும்



இல்லறத்தாராகிய நமக்கு ஜினாகமம் விதித்துள்ள தானங்கள் நான்கு. ஆகாரதானம், ஔடததானம், சாஸ்திரதானம், அபயதானம் என்பன அவை. பசித்தவர்க்கு உணவும், பிணியுற்றவர்க்கு மருந்தும், பயில்வோர்க்கு நூலும் கையால் எடுத்துக் கொடுக்கத்தக்க பொருள்கள். ஆதலின் முதல் மூன்று தானங்களையும் நாம் இயன்ற அளவு ஆற்றி வருகிறோம். அபயம் என்பதோ அச்சமின்மை. அதனைக் கையால் எடுத்துக் கொடுத்தல் இயலாது. ஓர் உயிரைக் கொல்லாது விட்டுவிட்டால் அபயதானம் நிறைவெய்திவிடும் என்று நாம் எண்ணியிருக்கிறோம். அது தொடக்கமேயன்றி முடிவன்று.

1983ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இலங்கையில் நிகழ்ந்த வன்செயல்களுக்குப் பின்னர்க் கடல் கடந்து வந்த தமிழ்க் குடும்பங்கள், தமிழகத்தின் பல மாவட்டங்களில் அமைந்த முகாம்களில் குடியமர்த்தப்பட்டன. நம்மவர் மிகுதியாக வாழும் திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களிலும் அத்தகைய முகாம்கள் உள்ளன. 2009ஆம் ஆண்டில் போர் முடிந்தது. எனினும் முகாம்கள் ஒழியவில்லை. 2021ஆம் ஆண்டில் தமிழக அரசு அவற்றின் பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றியது. அங்குள்ள சிறுவர் சிறுமியர் பெரும்பாலோர் இம்மண்ணில் பிறந்தவர்கள். ஆயினும் 1987ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளுக்குப் பின் பிறந்தோர்க்குப் பிறப்பு ஒன்றே குடியுரிமை தருவதில்லை. பிறந்த மண்ணிலேயே "நீ எந்த ஊர்?" என்னும் வினாவுக்கு விடை சொல்லத் தயங்கும் குழந்தைகள் அவர்கள்.

இக்குடும்பங்களுக்காக ஒரு நாள் விளையாட்டு விழா நடத்தலாம் என்று நம் இளைஞர் கூறும்போது, பெரியோர் சிலர் இரண்டு ஐயங்களை எழுப்புகின்றனர். "விளையாட்டிற்குச் செலவிடும் பொருளை அரிசியாகவும் துணியாகவும் கொடுத்தால் ஆகாதா?" என்பது ஒன்று. "அவர்கள் வேற்றுச் சமயத்தார், புலால் உண்போர் ஆயிற்றே!" என்பது மற்றொன்று.

முதல் ஐயத்தை ஆராய்வோம். பல்லாண்டுகள் குழந்தைகளோடு பழகிய ஆசிரியர்க்கெல்லாம் தெரிந்த உண்மை ஒன்றுண்டு. அச்சமுற்ற குழந்தையும் உண்ணும், உறங்கும், பாடமும் ஒப்பிக்கும். ஆனால் வாய்விட்டுச் சிரித்து விளையாடாது. ஆடுகளத்தின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கும். அது தானே ஓடிவந்து ஆட்டத்தில் கலந்துகொள்ளும் நாளில்தான் அதன் அச்சம் நீங்கத் தொடங்கிற்று என்று நாம் அறிகிறோம். ஆகவே இவ்விழா வீண்செலவன்று. அபயதானத்தின் ஒரு வடிவமே ஆகும்.

இரண்டாவது ஐயத்திற்கு நம் சமயமே விடை கூறுகிறது. தீர்த்தங்கரரின் சமவசரணத்தில் சிங்கமும் மானும் அருகருகே அமர்ந்து அறவுரை கேட்கின்றன. சிங்கத்தை நோக்கி "உன் உணவு யாது?" என்று வினவி வாயிலில் நிறுத்தியவர் எவருமிலர். 'அஞ்சினான் புகலிடம்' என்னும் பெயரால் அடைக்கலம் புகுந்தோரைக் காக்கும் இடங்கள் தமிழகத்தில் இருந்தமையைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் 1954ஆம் ஆண்டில் வெளிவந்த 'சமணமும் தமிழும்' என்னும் நூலில் அவற்றை நம் அபயதானத்தோடு தொடர்புபடுத்தி எழுதியுள்ளார். அஞ்சி வந்தவன் என்பது ஒன்றே அங்குப் புகுவதற்குரிய தகுதி.

இனி, தானம் செய்யும் முறையைக் காண்போம். கொடுக்கும் முறை, கொடுக்கும் பொருள், கொடுப்பவர், பெறுபவர் ஆகிய நான்கினால் தானத்தின் பயன் வேறுபடும் என்று தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் தெளிவுறுத்துகிறது. முனிவர்க்கு ஆகாரம் அளிக்குங்கால் வாயிலில் காத்து நின்று, பணிந்து அழைத்து, உயர்ந்த ஆசனம் அளிக்கிறோம். பெறுபவரைத் தாழ்த்தாமல் கொடுக்க வேண்டும் என்பதை அம்முறை நமக்குப் பழக்குகிறது. அவ்வாறிருக்க, எளியோர்க்குக் கொடுக்கும்போது மட்டும் அவர்களை வெயிலில் வரிசையாக நிறுத்தி, ஒலிபெருக்கியில் நம் பெயரை முழங்கி, பரிசுப்பொருளைப் பற்றிய கையோடு புகைப்படம் எடுத்துக்கொள்வது தகுமா? அங்கே குழந்தைக்குக் கிடைப்பது பென்சில் பெட்டி. நமக்குக் கிடைப்பதோ மானம் என்னும் கஷாயம்! கூசி நிற்கும் குழந்தைக்கு அச்சம் நீங்குவதில்லை.

ஆதலின் உரிய அதிகாரிகளின் அனுமதி பெற்று, முகாமின் தாய்மாரையும் கூட்டி, விழாவை அவர்களோடு சேர்ந்து திட்டமிடுவோம். நம் பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும் ஒரே அணியில் கலந்து ஆடட்டும். யாழ்ப்பாணத்தார் விரும்பி ஆடும் கிளித்தட்டை அவர்கள் நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கட்டும். இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் அவர்கள் சமைக்க, நம் பெண்டிர் உடனிருந்து காய் நறுக்கட்டும். நம் நோன்புக்கு ஏற்பப் பொழுது சாயுமுன் அனைவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்போம். பட்டாசு வேண்டா. சிற்றுயிர்களுக்கு அது தீங்கு. குண்டோசை கேட்ட முதியோர் நெஞ்சுக்கும் அது தீங்கு. பரிசு தருவதாயின் ஆடிய குழந்தைகள் அனைவர்க்கும் தருவோம்.

அடைக்கலம் புகுந்தோர் பெறுவதற்கு மட்டுமே உரியவர் என்று எண்ணற்க. வற்கடத்தால் தம் நாடு துறந்து பாண்டியனை அடைந்த எண்ணாயிரம் சமண முனிவர்கள், பிரிந்து செல்லுங்கால் ஆளுக்கொரு வெண்பாவாக விட்டுச் சென்றவையே நாலடியாராயின என்பது வழிவழி வரும் செய்தி. புகலிடம் தேடி வந்த நம் முன்னோர் தமிழுக்கு அளித்த கொடை அது. பாண்டியன் அவர்களைச் சோற்றுக்கு வந்தவர்களாக மட்டும் கருதியிருந்தால், பிரிவதற்கு மனமின்றி வருந்தியிருப்பானா? இன்று கிளித்தட்டின் கோட்டில் நின்று நம் பிள்ளையை மறிக்கும் சிறுமி நாளை இந்நாட்டுக்கு எதனைத் தருவாள் என்பதை நாம் அளந்துரைக்க இயலாது. அச்சமின்றி அவள் வளர்வதற்கு இடம் தருதல் நம் கடன்.

ஆண்டிற்கு ஒரு நாள் விழாவோடு அக்கடன் தீர்ந்துவிடாது. மறுநாள் கடைவீதியில் அக்குழந்தையைக் கண்டால் பெயர் சொல்லி அழைப்போம். அவ்வழைப்பும் அபயதானமே.

அருகன் திருவடி வாழ்க! அஹிம்சை அறம் ஓங்குக!