வந்ததை அனுப்பினேன்

"நான் எழுதியதல்ல, வந்ததை அனுப்பினேன்." வாட்ஸ்அப் குழுவில் ஒரு பொய்ச்செய்தி அம்பலமானதும் முதலில் வரும் பதில் இதுதான். பொய்யை உண்டாக்கியவர் வேறு, அதைச் சுமந்து வந்தவர் வேறு, சுமந்தவருக்குப் பழியில்லை என்று இது வாதிடுகிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பேச்சின் அறத்தை நுணுகிப் பார்த்த நம் மரபுகள் சுமப்பவரை இத்தனை எளிதாக விட்டுவிடுவதில்லை. பத்துத் தீவினைகளை எண்ணும் பௌத்தக் காப்பியமான மணிமேகலை, சொல்லில் பிறப்பவை நான்கு என்கிறது: பொய், குறளை, கடுஞ்சொல், பயனற்ற பேச்சு. குறளை என்றால் கோள். இங்கே கேட்டதை அங்கே கொண்டுபோய் மனிதரைப் பிரிப்பது. அது பொய்யின் கிளையாக அல்ல, தனி வினையாகவே நிற்கிறது. கோள் சொல்பவர் எதையும் இட்டுக்கட்ட வேண்டியதில்லை. கேட்டதை ஓர் எழுத்து மாறாமல் சொன்னாலும் வினை அவருடையதே. சமணம் இன்னும் கறாரானது. செய்வது, செய்விப்பது, செய்ததற்கு உடன்படுவது ஆகிய மூன்றுமே அதற்கு வினைதான். பழைய சமண முனிவர்கள் முகநூலைப் பார்த்திருந்தால் விருப்பக்குறிக்கும் கணக்கு எழுதியிருப்பார்கள்.

காதில் விழுவதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவரைப் பொய்யராக்கிவிடும் என்று நபிமொழி ஒன்று எச்சரிக்கிறது. நபிமொழிகளைத் தொகுத்த அறிஞர்கள் செய்தியை மட்டும் எடைபோடவில்லை. யார் யாரிடம் கேட்டார் என்ற சங்கிலியை, அதாவது இஸ்னாதை, கண்ணி கண்ணியாகச் சோதித்தார்கள். நடுவில் நினைவாற்றல் குறைந்த ஒருவர் இருந்தால் அந்த அறிவிப்பே பலவீனமானது. வந்ததை அனுப்பும் பண்பாடு இதற்கு நேர்மாறானது: செய்தி முழுதாக வந்து சேர்கிறது, சங்கிலி முற்றாக அழிந்துபோகிறது.

விளைவை 2018 காட்டியது. அந்த ஆண்டு மே மாதம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் புறப்பட்ட ஒரு மூதாட்டியைக் வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியால் குழந்தை கடத்துபவர் என்று எண்ணி ஒரு கும்பல் அடித்துக் கொன்றது. ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர் அதே வகை வதந்திக்குப் பலியானார்கள். அடித்த கைகளைச் சட்டம் தேடியது. அந்தக் கைகளை அச்சத்தால் நிரப்பியவர்களில் பெரும்பாலோர் அந்த ஊர்களைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அதே ஆண்டு 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வொன்று, ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை ஆராய்ந்து, பொய் மெய்யைவிட வேகமாகவும் தொலைவாகவும் போகிறது என்றது. அதற்குக் காரணம் தானியங்கிக் கணக்குகள் அல்ல, மனிதர்களே என்றும் சொன்னது.

அனுப்பியவர்கள் கெடுதல் நினைக்கவில்லையே, குழந்தைகளைக் காக்கத்தானே எச்சரித்தார்கள் என்று கேட்கலாம். இது வலுவான கேள்வி. வள்ளுவரும் குற்றமற்ற நன்மை தருமானால் பொய்க்கும் வாய்மையின் இடத்தைத் தருகிறார். ஆனால் அவர் வாய்மையை அளப்பது சொல்பவரின் நம்பிக்கையை வைத்து அல்ல, சொல்லால் பிறருக்குத் தீங்கு நேர்கிறதா என்பதை வைத்து. மனதார நம்பினேன் என்பது அங்கே செல்லாது. நல்லெண்ணம் பழியின் எடையைக் குறைக்கலாம். பழியை வேறொருவர் தோளுக்கு மாற்றிவிடாது.

எல்லாவற்றையும் சரிபார்க்கச் சாமானியருக்கு ஏது வசதி, இப்படிப் பயமுறுத்தினால் எளியவர்கள் வாயையே திறக்கமாட்டார்களே என்பது இன்னொரு மறுப்பு. நாளிதழ்கள் கண்டுகொள்ளாத எத்தனையோ அநீதிகள் கைபேசி வழியாகத்தான் வெளியே வந்தன. ஆனால் அவற்றை வெளிக்கொணர்ந்தவர்கள் சாட்சிகள்; கண்டதைச் சொன்னார்கள், சொன்னதற்காக அடியும் வாங்கினார்கள். கோள் சுமப்பவர் எதையும் காணவில்லை, எதற்கும் முன்னே வந்து நிற்பதும் இல்லை. சரிபார்க்க முடியாதவருக்கு அனுப்பாமல் இருப்பது எப்போதும் முடியும். அதற்குச் செலவே இல்லை.

நடிகர் எஸ்.வி. சேகர் பகிர்ந்த ஒரு பதிவு தொடர்பான வழக்கில், பகிர்ந்தவரே அதன் விளைவுக்குப் பொறுப்பு என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. மணிமேகலையின் பட்டியலுக்கு நீதிமன்றம் தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது. வாட்ஸ்அப் நிறுவனமும் 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் மறுஅனுப்ப முடியாதபடி செய்தது. மறுஅனுப்பல்களின் தலையில் 'ஃபார்வர்டட்' என்ற சிறு குறிப்பையும் ஒட்டியது. பெறுபவரை உஷார்ப்படுத்த வந்த குறிப்பு அது. அனுப்புபவரோ இன்று அதையே சுட்டிக்காட்டுகிறார்: பாருங்கள், நான் எழுதியதல்ல.