கண்ணாடியும் அருவியும்



சாரல் காலத்தில் குற்றாலம் பேரருவிக்கு எதிரே சற்றுத் தள்ளி நிற்பவர்களுக்கு, மேகம் விலகி முதுகில் வெயில் படும் நேரம், தெறிக்கும் நீரில் வானவில் தெரியும். இரண்டடி நகர்ந்தால் அந்த வில்லும் நகரும். பக்கத்தில் நிற்பவர் காண்பது அவருடைய வில். இவர் கண்டது அல்ல. நீர்த்துளியும் வெயிலும் மெய்தான். ஆனால் வில் எங்கே இருக்கிறது என்று கேட்டால், பார்ப்பவர் நிற்கும் இடத்தையும் சேர்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

வானவில்லால் யாருக்கும் தீங்கு இல்லை. தீட்டு அப்படிப்பட்டதல்ல.

1934 ஆம் ஆண்டு ஹரிஜன யாத்திரையில் காந்தியடிகள் குற்றாலம் வந்தார். ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அருவியில் குளிக்க வழியில்லை என்று அறிந்து, தாமும் குளிக்காமல் திரும்பினார். தண்ணீர் அன்றும் இதே தண்ணீர்தான். மேலே காட்டில் எந்த மிருகம் அதில் இறங்கியது என்று யாரும் விசாரித்ததில்லை. குரங்கு நனைந்தால் தீட்டில்லை, மனிதன் நனைந்தால் தீட்டு! வானவில்லுக்காவது ஒரு துளி நீர் வேண்டும். இதற்குப் பழகிப்போன கண் ஒன்றே போதுமானதாக இருந்தது.

இதைக் கேட்டதும், எல்லாம் மனசுதான், பார்வையை மாற்றினால் போதும் என்று சிலர் லேசாகச் சொல்லிவிடுவார்கள். வயிறு நிறைந்தவர் பேசும் பேச்சு அது. தீட்டு பொய், அருவிக்கரையில் நிறுத்தப்பட்டவரின் காய்ந்த தலை பொய்யல்ல. பக்கத்துச் செங்கோட்டை முன்பு திருவிதாங்கூரோடு இருந்த ஊர். இன்ன சாதியார் இத்தனை அடி விலகி நிற்க வேண்டும் என்று கணக்கு வைத்திருந்த சமஸ்தானம் அது. கணக்குப் பொய்யானாலும், விலகி நின்றவர் பட்ட அவமானம் நிஜம்.

பொறுமையைப் போதித்த அய்யா வைகுண்டர் அந்தப் போதனையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. சாமிதோப்பு முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரையும் ஒரே தண்ணீரில் குளிக்கவும் அதையே குடிக்கவும் வைத்தார். ஒரே பந்தியில் உண்ண வைத்தார். தலையில் துணி கட்ட உரிமையற்றிருந்தவர்களைத் தலைப்பாகை கட்டி வணங்கச் சொன்னார். சுமை தூக்கச் சும்மாடாகச் சுருட்டிய அதே துணிதான். ஆட்சியாளர் கண்ணுக்கு அய்யாவின் செயல்கள் கலகமாகத் தெரிந்தன; சிங்காரத்தோப்புச் சிறையும் அய்யாவுக்கு வந்தது. ஆனால் துணியைக் கட்டியவன் மறுபடி தன்னைப் பழைய கண்ணால் பார்க்கவில்லை. கண் மாறட்டும் என்று காத்திருந்து கை வேலை செய்யவில்லை. கை செய்யச் செய்யத்தான் கண் மாறியது.

பதிகளிலும் நிழல் தாங்கல்களிலும் பள்ளியறையில் கண்ணாடி இருக்கிறது. அதன் முன் நிற்கும் அன்புக்கொடி மக்கள் தங்கள் நெற்றி நாமத்தைக் காண்கிறார்கள். அதை மட்டும் கண்டுவிட்டுத் திரும்புகிறவர்களும் உண்டு. கொஞ்சம் பொறுத்து நின்றால், தோளுக்குப் பின்னால் நிற்பவரின் முகமும் அதே கண்ணாடியில், அதே நாமத்தோடு தெரியும்.

இப்போது குற்றாலத்தில் யாரும் யாரையும் தடுப்பதில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு தோளோடு தோள் இடிக்க நிற்கிறார்கள். ஒருவர் தலையில் விழுந்த தண்ணீர் அடுத்தவர் மேல் தெறிக்கிறது. அந்த இரைச்சலில் யாரும் எதுவும் கேட்க முடியாது. வெளியே வந்து தலை துவட்டி, டீக்கடையில் நிற்கும்போதுதான் பேச்சு தொடங்குகிறது. எந்த ஊர் என்று ஒருவர் சிரித்த முகத்தோடு விசாரிக்கிறார். கேட்பவரின் நெற்றியில் சில நேரம் நாமமும் இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொன்னதும் அடுத்த கேள்வி வருகிறது: அங்கே எந்தத் தெரு?