கடப்பாவும் மல்லாரியும்

கும்பகோணத்தில் குடியிருந்துகொண்டு, டெல்டாவைத் தாண்டாமல், நன்றாகச் சாப்பிடவும் நன்றாகக் கேட்கவும் என்னென்ன உண்டு என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். கொண்டாட்டமாகச் செய்யவேண்டிய வேலை என்றுதான் எடுத்துக்கொண்டேன், இன்றைக்கும் அப்படித்தான். சாப்பாட்டுப் பக்கத்தில் கும்பகோணம் கடப்பா, திருவையாறு அசோகா, சிதம்பரத்துச் சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும், நாகூர் வாடா. பாட்டுப் பக்கத்தில் தேருக்கு முன்னால் வாசிக்கும் மல்லாரி, ஓதுவார் பாடும் தேவாரம், தியாகராஜ ஆராதனை, மெலட்டூர் பாகவத மேளா, நரசிங்கம்பேட்டையில் நாயனம் கடையும் பட்டறை. எழுத எழுத இரண்டு பக்கமும் நீண்டுகொண்டே போயின.

முதலில் ஊர்வாரியாகத்தான் பிரித்து வைத்திருந்தேன். எந்த ஊருக்குப் போகிறோமோ அந்த ஊரில் உள்ளதை எல்லாம் முடித்துவிட்டு வருவது வசதி அல்லவா? ஆனால் கடப்பா அதற்கு ஒத்துவரவில்லை. சில கடைகளில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போடுகிறார்கள். அதுவும் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். பாசிப்பருப்பை வேகவைத்து மசித்து, உருளைக்கிழங்கை உதிர்த்துப் போட்டு, தேங்காய், கசகசா, சோம்பு, பச்சை மிளகாய் அரைத்து ஊற்றிக் கொதிக்கவிடுவார்கள். பட்டையும் கிராம்பும் தாளித்து, இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிவார்கள். பருப்பும் தேங்காயும் சேர்ந்தது என்பதால் ஆற ஆற இறுகிக்கொண்டே வரும். அடுப்பிலிருந்து இறக்கி அரை மணிக்குள், இட்லியின் மேல் ஊற்றினால் வழிந்து இலையில் ஓடும் பதத்தில் இருக்கும்போது சாப்பிட்டால் அது ஒரு ருசி. பத்து மணிக்கு மேல் போய், சூடான தண்ணீர் விட்டுக் கரைத்ததைச் சாப்பிட்டால் சோம்பு வாசனை மட்டும்தான் மிஞ்சும். ஒரே கடை, ஒரே பாத்திரம், வேறு வேறு பண்டம்.

அப்புறம்தான் நோட்டை ஊர்வாரியாக வைத்திருந்ததை மாற்றி, வேளைவாரியாக எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தக் கிழமை, எந்தத் திதி, எத்தனை மணி என்று குறிக்கத் தொடங்கியதும், இந்த வட்டாரத்தின் சாப்பாடும் சங்கீதமும் ஒரே கடிகாரத்தில் ஓடுவது தெரிந்தது.

பழைய பெரிய கோயில்களில் நாயனக்காரர்கள் வைத்திருந்த ஒழுங்கைப் பாருங்கள். விடியற்காலையில் பூபாளம், பௌளி, பொழுது ஏற ஏற ராகமும் மாறும், பள்ளியறையில் நீலாம்பரி. தேவாரப் பண்களிலும் பகலில் பாடுவது, இரவில் பாடுவது, எந்நேரமும் பாடுவது என்று பிரித்திருக்கிறார்கள். இவற்றோடு சேர்த்துச் சொல்லவேண்டிய ஒன்று தளிகை மல்லாரி. மடைப்பள்ளியிலிருந்து நைவேத்தியம் சுவாமிக்குப் போகும்போது வாசிப்பதற்கென்றே தனியாக ஒரு மல்லாரி! சோறு நடந்து போவதற்கு ஓர் இசை வேண்டும் என்று நினைத்தவர்கள் எவ்வளவு ரசனை உள்ளவர்களாக இருந்திருக்கவேண்டும். என் நோட்டில் சாப்பாட்டுக்கு ஒரு பக்கம், பாட்டுக்கு ஒரு பக்கம் என்று பிரித்து வைத்திருந்ததை இந்தத் தளிகை மல்லாரியைப் பற்றிக் கேள்விப்பட்ட அன்றோடு விட்டுவிட்டேன்.

மல்லாரியை நான் நின்று கேட்டது ஒரு மாசி மகத்துத் திருவிழாவில். சுவாமி கோபுரவாசலைத் தாண்டுவதற்கு முன்பே போய், நாயனக்காரருக்கு இரண்டு கை தள்ளி நின்றுகொண்டேன். நாயனத்தில் பொருத்தி ஊதும் சீவாளியை எடுத்து வாயில் ஈரப்படுத்திப் பார்த்தார், திருப்தி இல்லை. நாயனத்தின் தலைப்பில் கட்டித் தொங்கும் கொத்திலிருந்து வேறொன்றை எடுத்து, ஊசியால் அதன் வாயை லேசாக நெருடிப் பொருத்தினார். தவுல் முதலில் அலாரிப்பைத் தொடங்கியது. அந்த அதிர்வு காதுக்கு வருவதற்கு முன் நெஞ்சுக்கு வந்துவிடும். பிறகு கம்பீர நாட்டையில் மல்லாரி. அதில் சாகித்யம் கிடையாது. ஒரே சங்கதியை ஒரு காலத்தில் வாசித்து, இரண்டாம் காலத்துக்கு ஏற்றி, மூன்றாம் காலத்துக்குக் கொண்டுபோகும்போது, பல்லக்கைத் தோளில் தாங்கியவர்களின் முழங்கால்கூட அதற்குத் தகுந்தபடி மடிந்து நிமிர்ந்தது. அரங்கத்தில், ஒலிபெருக்கி வழியே, நாற்காலியில் உட்கார்ந்து கேட்ட மல்லாரியில் இது எனக்குக் கிடைத்ததே இல்லை. மல்லாரிக்குத் தெரு வேண்டும், எதிரே நகரவேண்டிய ஒரு பாரம் வேண்டும்.

ஊர்வலம் ஓரிடத்தில் நின்றபோது அவரிடம், "ஐயா, இந்தச் சீவாளி எங்கே வாங்குறது?" என்று கேட்டேன். "திருவாவடுதுறையில தம்பி. கொறுக்கைத் தட்டையில செய்யறது. நல்லதா ஒண்ணு அமைஞ்சா அது சாகற வரைக்கும் அதை விடமாட்டோம்" என்றார். அவர் அதை உயிர் உள்ள பொருளைப் போலச் சொன்னது அதற்குப் பிறகு நாயனம் கேட்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.

திருவாவடுதுறைக்குப் பக்கத்தில்தான் நரசிங்கம்பேட்டை. 2022இல் அந்த ஊர் நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரத்தில் கடைகிறார்கள். புதிதாக வெட்டிய மரம் உதவாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்தரம், தூண், பல தலைமுறையாக ஈரம் வற்றிய கட்டை, அதுதான் வெடிக்காது, நாதத்தைத் தாங்கும். ஒரு காலத்தில் யாரோ குடும்பத்தின் கூரையைத் தாங்கிய மரம் துளை போடப்பட்டுத் தோடி பாடுகிறது. தோடி என்றதும் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1956இல் அவர் மறைந்து இத்தனை காலம் ஆகியும் இந்தப் பக்கத்தில் தோடி என்றால் அவர் பெயர்தான் முதலில் வருகிறது. அவருக்கு நாயனம் செய்துகொடுத்த ரங்கநாதன் ஆசாரி நரசிங்கம்பேட்டைக்காரர். வாசித்தவரும் செய்தவரும் சீவாளி கட்டுகிறவர்களும் நடந்துபோகிற தூரத்துக்குள் இருந்தார்கள். என் பட்டியலில் உள்ளவற்றில் நான் மறுபடி மறுபடி போவது இங்கேதான்.

திருவையாற்று அசோகாவுக்கு நாள் பார்க்கவேண்டாம். பாசிப்பருப்பும் கோதுமை மாவும் நெய்யும் சர்க்கரையும் சேர்ந்து சிவந்து, இலைத்துண்டில் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். என்றைக்குப் போனாலும் கிடைக்கும். ஆராதனைக்குத்தான் புஷ்ய பகுள பஞ்சமி வரவேண்டும். காலையில் உஞ்சவிருத்தி ஊர்வலம் தியாகராஜர் சமாதிக்கு வந்து சேர்ந்து, எல்லோரும் நாட்டை ராகத்தில் பஞ்சரத்னத்தைத் தொடங்கும்போது, பாடத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வரிசையெல்லாம் கலைந்துவிடுகிறது. தொலைக்காட்சியில் முன்வரிசைப் பிரபலங்களை மட்டும் பார்ப்பவர்களுக்குப் பின்வரிசைகளில் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பாடும் பாட்டு வாத்தியார்கள் தெரிவதில்லை. நான் அவர்கள் நடுவேதான் உட்காருவேன். எழுந்து வரும்போது எதிரே பெங்களூர் நாகரத்தினம்மாளுக்கும் ஒரு கும்பிடு. இடிபாடாகக் கிடந்த சமாதியைத் தன் சொத்தைக்கொண்டு கோயிலாக எழுப்பியவர் அவர். பெண்கள் அங்கே பாடக்கூடாது என்று ஒதுக்கப்பட்டபோது கோயிலின் பின்பக்கம் பெண்களைத் திரட்டிப் பாடவைத்தார். 1940 வாக்கில் பிரிந்திருந்த எல்லாத் தரப்பும் ஒன்றாகி, இன்று ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடுகிறார்கள். அந்த உரிமைக்கு வழி செய்தவர் யார் என்று தெரியாமல் அந்தப் பாட்டைக் கேட்டு வருவது நியாயம் என்று எனக்குப் படவில்லை.

அடுத்தவர் வேளைக்கு நம்மைக் கொடுப்பது, இந்தப் பட்டியலால் எனக்குக் கிடைத்த பெரிய பயிற்சி அதுதான். வாழ்க்கையில் மற்ற எல்லாவற்றையும் என் சௌகரியத்துக்கு நகர்த்திக்கொள்ள முடிகிறது. பாட்டை எந்நேரமும் கைபேசியில் கேட்கலாம். சாப்பாட்டை வாசலுக்கே வரவழைக்கலாம். அதிலெல்லாம் நேரம் என்னுடையது. ஆனால் பருப்பு இறுகும் வேகமும், சுவாமி புறப்படும் முகூர்த்தமும், பஞ்சமி வரும் நாளும் என் கையில் இல்லை. நாகூர்க் கந்தூரி பிறைக் கணக்கில் ஆண்டுக்கு ஆண்டு முன்னே நகரும். அரிசி மாவில் இறால் பதித்துப் பொரித்த வாடாவைக் கடற்காற்றில் சாப்பிட ஒரு வருடம் மழையிலும் ஒரு வருடம் வெயிலிலும் நிற்கவேண்டும். ஆடிப்பெருக்குக்குச் சித்திரான்னம் கட்டிக்கொண்டு காவிரிக் கரைக்குப் போவதும் பட்டியலில் உண்டு. ஜூன் 12இல் மேட்டூர் அணையைத் திறந்துவிட்டால் சந்தோஷம். திறக்காத வருடத்தில் மணலைப் பார்த்துக்கொண்டு புளியஞ்சாதம் சாப்பிட்டிருக்கிறோம். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

கல்யாணங்களில் நாயனம் வாசிக்கும்போது எல்லோரும் பேசிக்கொண்டிருப்பது எனக்குத் தாங்குவதில்லை. கெட்டிமேளத்துக்கு மட்டும் திரும்பிப் பார்க்கிறார்கள். நாள் முழுக்க மூச்சைப் பிடித்து வாசிக்கிற ஒருவருக்கு எதிரே ஒரே ஒரு ஆள் உட்கார்ந்து தலையாட்டினால்கூட வாசிப்பு மாறுகிறது. இதைப் பலமுறை பார்த்துவிட்டேன். ஆகவே எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மேடைக்கு எதிரே உட்காராமல் நாயனத்துக்கு எதிரே உட்காருகிறேன். இதுவும் பட்டியலில் சேர்த்தி. செலவே இல்லாத வரி இது.

நோட்டில் எதையும் நான் அடிப்பதில்லை. போய்வந்ததும் அந்த வரிக்குப் பக்கத்தில் அன்றைக்கு என்ன கிடைத்தது என்று எழுதிவிட்டு அப்படியே விட்டுவிடுகிறேன். அக்கா மகளும் இப்போது சேர்ந்துகொண்டாள். தெருமுனைப் பரோட்டாக்கடையில் கல்லைத் தட்டுகிற தாளத்தைச் சேர்த்தே ஆகவேண்டும் என்கிறாள். "கேட்டுப் பாருங்க மாமா, ரெண்டு கரண்டியும் ரெண்டு நடை போடும்" என்று சொல்லி அழைத்துப் போனாள். அவள் சொன்னது சரி. இரவு எட்டரை மணி, கூட்டம் நிறைந்த நேரம் என்று எதிரே எழுதிச் சேர்த்துவிட்டோம்.

அடுத்து மெலட்டூர். நரசிம்ம ஜயந்தியை ஒட்டி வெங்கடராம சாஸ்திரியின் பிரகலாத சரித்திரத்தை ஆண்களே பெண் வேடமும் கட்டி இரவு முழுக்க ஆடுவார்கள். தூண் பிளக்கும் கட்டம் வர விடியற்காலை ஆகிவிடும் என்பதால் அன்று பகலில் நன்றாகத் தூங்கிவிட்டுப் போவதென்று அவளும் நானும் பேசிவைத்திருக்கிறோம். கட்டுச்சோறு அவள் பொறுப்பு. விடிந்து திரும்பும் வழியில் எந்தக் கடையில் முதல் டிகாக்‌ஷன் இறங்குகிறது என்று விசாரிப்பது என் பொறுப்பு.