முன்பணம் அமானிதமா, கடனா?

இணையத்தளங்களையும் கணக்கேடுகளையும் தம் கணினிகளில் வைத்துக் காத்து வாடகை வாங்கும் தொழில் இந்நாளில் பெருகியுள்ளது. ஆண்டு வாடகையை முன்னதாகவே வாங்கிக் கொள்வாரும் உண்டு. பிரிட்டனில் இத்துறையில் இருந்த ‘டூ ஈ டூ’ நிறுவனம் 2013 ஜனவரியில் நொடித்தது. பொறுப்பேற்ற நிருவாகிகள், கணினிகள் நின்றுபோகாதிருக்கச் சிறு வாடிக்கையாளரிடம் 4,000 பவுனும் பெரியவர்களிடம் 40,000 பவுனும் கேட்டு எழுதினர். தன் உடைமையை இழக்காதிருக்க மீண்டும் பணம்!

இங்கே இரண்டு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. ஒப்படைத்த ஏடுகள் அமானிதம். அவற்றில் வேறெவருக்கும் பங்கில்லை. முன்பணமோ அப்படியன்று. பயன் கிடைக்காத மாதங்களின் வாடகை, வாங்கியவன்மீது கடனாகவே நிற்கும் என்பது ஃபிக்ஹு. அந்நாட்டுச் சட்டமும் அதைக் கடன் என்றே கொள்கிறது. ஆனால் ஈடு பெற்ற வங்கிக்குப் பின்னே நிறுத்துகிறது. நிறுவனம் மடிந்தபின் பங்குதாரர் வீட்டுக் கதவைத் தட்டவும் பொதுவாக வழியில்லை.

ஜுபைர் (ரலி) அவர்களிடம் மக்கள் அமானிதம் கொண்டு வந்தால், அதைக் கடனாகவே பெற்றுக் கொள்வார்கள் என்று புகாரியில் காண்கிறோம். கவனக்குறைவின்றித் தொலைந்த அமானிதத்திற்கு ஈடு தரவேண்டியதில்லை. கடனுக்கு அந்த விலக்கு இல்லை. இருந்தும் அதையே விரும்பி ஏற்றார்கள். அவர்கள் ஷஹீதானபோது கடன் 22 இலட்சம். மகனார் அப்துல்லாஹ் (ரலி) நிலத்தை விற்று அடைத்தார்கள். வாரிசுகள் பங்கு கேட்டும் உடனே கொடுக்கவில்லை. தந்தையிடமிருந்து வரவேண்டியது உள்ளவர் எவரேனும் உண்டா என்று, நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலந்தோறும் அறிவித்த பின்னரே பங்கிட்டார்கள்.