பெயரறியாப் பூவுக்குப் பெயர் சூட்டலாமா?

பிறர் உருவாக்கிய பொருளை நாம் பெறும்போது அதன் பெயரையும் அமானிதமாகவே பெறுகிறோம். அதைத் திரிபின்றி அடுத்தவரிடம் ஒப்படைப்பது நம் கடன். இடையில் பெயர் மறைந்துவிட்டால், பழைய ஏடுகளைப் புரட்டி நாமே ஒன்றைத் தேர்ந்து சூட்டலாமா? மேலைநாடுகளில் பழைய ஐரிஸ் வகைகளைப் பேணுவோர்முன் நிற்கும் வினா இது.

அரபியில் 'சவ்ஸன்' எனப்படும் ஐரிஸ், நிமிர்ந்த மூன்று இதழ்களும் கவிழ்ந்த மூன்று இதழ்களும் உடையது. விதையில் முளைப்பது தாயை அப்படியே ஒத்திராது. இஞ்சி போன்ற அதன் கிழங்கைப் பிரித்து நட்டால்தான் வகை மாறாது. 1844இல் பிரான்சில் லெமோன் வெளியிட்ட, வெண்ணிதழில் நீல விளிம்புள்ள 'மதாம் ஷெரோ' இன்று எங்கேனும் பூத்தால், அது கைமாறிக் கைமாறி வந்த அதே செடியே. அவ்வாறு கைமாறுகையில் பெயர்ச்சீட்டு தொலைவது எளிது.

தொலைந்த பெயரைத் தேடுவோர், 1920இல் தோன்றிய அமெரிக்க ஐரிஸ் சங்கம் 1929இலும் 1939இலும் வெளியிட்ட பெயர்ப்பட்டியல்களை நாடுவர். உருவாக்கியவர், ஆண்டு, வகை, நிறம் ஆகியன அவற்றில் சுருக்கக் குறிகளாக உள்ளன. அவற்றை நிதானித்தே படிக்க வேண்டும். 1844 என்றிருந்தால் அவ்வாண்டிலேயே சங்கத்தில் பதிவானதாகக் கொள்ளலாகாது. சங்கம் அன்று பிறக்கவேயில்லை. முன்பருவத்தில் பூப்பது என்றால், எவ்வூரின் முன்பருவம்? உயரம் மண்ணுக்கேற்ப மாறும். நிறம் வெயிலில் வெளிறும். மஞ்சள் என்னும் ஒரு குறிக்குள் எத்தனையோ பூக்கள் அடங்கும். ஆகவே, 'இது அன்று' என விலக்க ஏடு பெரிதும் உதவும். 'இதுவே' என நிறுவ அது மட்டும் போதாது. பெயர் மாறாது பேணப்பட்ட செடியை அருகே நட்டு, சில பருவங்கள் ஒப்புநோக்கிய பின்னரே ஓரளவு துணிந்து கூறலாம்.

பூ அழகாயிருக்க, பெயர் பிழைத்தால் என்ன கேடு எனச் சிலர் வினவுவர். கேடு உண்டு. பொய்ப்பெயர் தாங்கிய செடி பெருகினால், மெய்யான செடி கிடைத்துவிட்டதென எண்ணித் தேடுவோர் ஓய்ந்துவிடுவர். எங்கோ ஒரு வேலியோரத்தில் எஞ்சியிருக்கும் மெய்ச்செடி கேட்பாரற்று அழியும். அதை உருவாக்கியவரின் உழைப்பும் உடன் மறையும்.

பெயரின்மை செடிக்குக் குறைவன்று. அரபகத்து வெண்ணிற ஐரிஸ் ஒன்றை முஸ்லிம்கள் மண்ணறைகளின்மீது நட்டுவந்தனர். விதையால் பெருகாத அச்செடி, மனிதர் கைகளாலேயே மத்தியதரைக் கடல் நாடுகளுக்கும் பரவிற்று. இப்பதிவேடுகள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே அது செழித்திருந்தது.

எனவே, ஐயமுள்ள செடியின் சீட்டில் 'பெயர் தெரியாது. இன்ன ஊரில், இன்ன ஆண்டில் பெற்றது' என்று எழுதிவைப்போம். பின்வருவோர் உண்மையைத் தேடுவதற்கு அவ்வழியேனும் திறந்திருக்கும்.