தெருப்பூனையின் கருத்தடையும் யூத அறமும்

தெருவில் வாழும் பூனைகளைக் கொல்லாமல் அவற்றின் பெருக்கத்தை மட்டுப்படுத்த இன்று பல நாடுகளில் கையாளப்படும் வழி, அவற்றைக் கூண்டு வைத்துப் பிடித்து, கருத்தடை அறுவை செய்து, பிடித்த இடத்திலேயே திரும்ப விட்டுவிடுவதாகும். பூனை மயக்கத்தில் இருக்கும்போதே அதன் ஒரு காதின் நுனியை நேராகச் சிறிதளவு வெட்டிவிடுகின்றனர். அந்த அடையாளம் தொலைவிலிருந்தே தெரிவதால், அதே பூனை மறுபடியும் பிடிபட்டுக் கத்திக்கு உள்ளாக நேர்வதில்லை. கருணையின்பாற்பட்ட இம்முறை இஸ்ரேலில் ஒரு சமயச் சிக்கலை எழுப்பியது.

விதை நசுக்கப்பட்ட அல்லது அறுக்கப்பட்ட விலங்கைப் பலியிடலாகாது என்று கூறும் யூத மறைநூலான லேவியராகமத்தின் 22ஆம் அதிகாரம், அச்செயலை நாட்டில் செய்யவும் கூடாது என்று சேர்த்துச் சொல்கிறது. ரபிகள் எனப்படும் யூதச் சமயச் சட்ட அறிஞர்கள் இதனைப் பலிக்குரிய விலங்குகளோடு நிறுத்தாமல், நாய், பூனை உட்பட எல்லா விலங்குகளையும் காயடிப்பதற்கு எதிரான தடையாக விரித்துப் பொருள்கொண்டனர். 2015இல் வேளாண் அமைச்சராக இருந்த ஊரி ஏரியல் இத்தடையைச் சுட்டிக்காட்டி, கருத்தடைக்கான பணத்தைக் கொண்டு ஒரே பாலைச் சேர்ந்த தெருநாய்களையோ பூனைகளையோ வேறொரு நாட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று சுற்றுச்சூழல் அமைச்சருக்கு எழுதினார். கடும் எதிர்ப்பு கிளம்ப, அந்த யோசனை நடைமுறைக்கு வரவில்லை. அக்கடிதத்தின் குறை அதன் சமயப் பற்றில் இல்லை. மரபின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டதில்தான் இருக்கிறது.

மறுபாதி 'ட்சார் பாலே ஹயீம்' என்னும் கோட்பாடு: உயிருள்ளவற்றுக்குத் தேவையின்றித் துன்பம் இழைத்தலாகாது என்பது அதன் பொருள். குஞ்சுகளையோ முட்டைகளையோ எடுப்பவர் தாய்ப்பறவையை முதலில் போகவிட வேண்டும் என்கிறது மற்றொரு யூத மறைநூலான உபாகமம். அதற்குக் காரணம் கூறவந்த 12ஆம் நூற்றாண்டுத் தத்துவ அறிஞர் மைமோனிதீஸ், குட்டியின்பொருட்டுத் தாய் படும் வேதனையில் மனிதருக்கும் விலங்குக்கும் வேறுபாடில்லை என்று எழுதினார். அவரே தம் சட்டத் தொகுப்பில், பெண் விலங்கை மலடாக்குபவர் தண்டனைக்குரியவர் அல்லர் என்றும் விதித்தார். தண்டனை இல்லை என்பதாலேயே அனுமதி உண்டு என்றாகிவிடாது; எனினும் ஆணுக்கான தடையும் பெண்ணுக்கான தடையும் ஒரே எடையுள்ளவை அல்ல என்பது இதனால் தெளிவாகிறது. அந்த எடை வேறுபாட்டைக் கொண்டே, தேவை இருக்கும்போது பெண்பூனைக்கான அறுவையை யூதரல்லாத மருத்துவர் செய்யலாம் என்று இசைந்த ரபிகளும் உண்டு.

தேவை எத்தகையது என்பதைப் பூனையின் உடலே காட்டுகிறது. பெண்பூனையின் சினைக்காலம் ஏறத்தாழ இரண்டு மாதங்களே. பிறந்த குட்டியும் பெரும்பாலும் ஆறு மாதத்திற்குள் சினைப்படும் பருவத்தை எட்டிவிடுகிறது. தெருவில் பிறப்பவற்றுள் பல, கண் பீளை கட்டிச் சளிநோயில் நலிந்தோ, வண்டிச் சக்கரத்தில் அடிபட்டோ வளருமுன் மடிகின்றன. பெருக்கத்தைத் தடுப்பது இயற்கைக்கு மாறானது என்போர், இச்சாவுகளையும் கணக்கில் கொள்ளக் கடமைப்பட்டவர்கள். பூனைகளால் வேட்டையாடப்படும் பறவைகளும் ஓணான்களும் உயிர்களே ஆதலால், அவற்றின் துன்பமும் இக்கணக்கில் சேரும்.

வேற்றுநாட்டுக்கு அனுப்புவதோ துன்பத்தை இடம் மாற்றுவதன்றிக் குறைப்பதாகாது. பழகிய இடத்தையும் உணவிடுவோரையும் இழந்த பூனை அங்கே அல்லற்படும். அது விட்டுச்சென்ற குப்பைத்தொட்டியை நாடி வேறு பூனைகள் வந்து சேரும். ஆண்பூனையைப் பற்றிய சட்ட விவாதம் கடினமானது, அது தொடரட்டும்; பெண்பூனையைப் பொறுத்தவரை, கருத்தடையை மறுக்க யூத மரபைக் காரணம் காட்டுவது அம்மரபுக்கே நியாயம் செய்வதாகாது.